பிராங்க்ளினாலேயே முடியாத டைம்டேபிள்

இன்னைக்கு எபிசோடை ஒரு எண்ணில் இருந்து ஆரம்பிக்கிறேன். 63.

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, போனில் இருக்கிற டாஸ்க் ஆப்பைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் 63 வேலைகள். எல்லாமே தேதி தாண்டினவை. அதில் ஒண்ணு 'பல் டாக்டர்'. ஏழு மாசமா தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தது. இன்னொண்ணு 'இந்த லிஸ்ட்டைச் சரி பண்ணணும்'. அதுவும் தேதி தாண்டி இருந்தது. இப்போ சொல்லும்போது சிரிப்பு வருது. அன்னைக்கு சிரிப்பு வரலை, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறக்கவே பயமா இருந்தது.

இப்படி ஆகும்போது நாம என்ன செய்வோம்? புது ஆப் தேடுவோம். புது நோட்டு வாங்குவோம். முதல் பக்கத்தில் அழகான கையெழுத்தில் 'காலை 5 மணி: எழுந்திருத்தல்' அப்படின்னு எழுதுவோம். நானும் இதையெல்லாம் பலமுறை செஞ்சிருக்கேன். இந்தத் தடவை வேற ஒரு கேள்வி வந்தது. இந்த டைம்டேபிள், இந்த லிஸ்ட், இதையெல்லாம் யார் ஆரம்பிச்சாங்க? அவங்களுக்காவது இது வேலை செஞ்சதா?

அதைத் தேடிப் போனதில் கிடைச்சதுதான் இன்னைக்குப் பேசப்போறது.

அஞ்சு மணிக்கு எழுந்த மனுஷன்

பெஞ்சமின் பிராங்க்ளினை உங்களுக்குத் தெரியும். நூறு டாலர் நோட்டில் இருக்கிற முகம். 1706இல் பாஸ்டனில் பிறந்தவர். பிலடெல்பியாவில் அச்சகம் நடத்தியவர். இன்னைக்கு நாம யூடியூபில் பார்க்கிற 'மார்னிங் ரொட்டீன்' வீடியோக்களுக்கு எல்லாம் ஒரு கொள்ளுத்தாத்தா இருந்தா, அது இவர்தான்.

இருபதுகளில் இருக்கும்போது அவர் ஒரு திட்டம் போட்டார். தனக்கு வேண்டிய நற்குணங்கள் என்று 13 விஷயங்களை எழுதினார். ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஏழு கிழமைகள், ஓரத்தில் 13 குணங்கள். அன்றைக்கு எதில் தவறினாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு குணத்தின் மீது தனிக் கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருஷத்துக்கு நாலு சுற்று. நம்ம ஹேபிட் டிராக்கர் அப்படியே அதுதான்.

அந்தப் பட்டியலில் மூன்றாவது குணம் 'ஒழுங்கு'. பொருளுக்கெல்லாம் ஒரு இடம், வேலைக்கெல்லாம் ஒரு நேரம். அதற்காகத்தான் அவர் 24 மணி நேரத்துக்கும் ஒரு அட்டவணை போட்டார். அஞ்சு மணிக்கு எழுவது. குளித்து, பிரார்த்தனை செய்து, இன்றைக்கு என்ன நல்லது செய்யப்போகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொள்வது. எட்டு முதல் பன்னிரண்டு வரை வேலை. ரெண்டு மணி நேரம் சாப்பாடு, படிப்பு, கணக்கு. ரெண்டு முதல் ஆறு வரை வேலை. அப்புறம் சாமான்களை அதனதன் இடத்தில் வைப்பது, சாப்பாடு, இசை, பேச்சு. படுக்கும் முன் இன்றைக்கு என்ன செய்தேன் என்று ஒரு கேள்வி. பத்து மணிக்குத் தூக்கம்.

ஒண்ணு கவனிங்க. வேலை நேரம் மொத்தம் எட்டு மணி. தூக்கம் ஏழு மணி. இசைக்கும் அரட்டைக்கும் தனி நேரம். இவரைக் காட்டி நம்மை ஓடவைக்கிற வீடியோக்களில் இந்தப் பகுதியை யாரும் சொல்றதில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்றதில்லை. அது என்னன்னா, அந்த அட்டவணை அவருக்கே சரிப்பட்டு வரலை.

இதை நான் சொல்லலை, அவரே சுயசரிதையில் எழுதி வச்சிருக்கார். இந்தப் பகுதியை அவர் எழுதியது 1784இல், பாரிஸுக்குப் பக்கத்தில் பாஸி என்ற ஊரில், 78 வயதில். 13 குணங்களிலும் தன்னை அதிகம் படுத்தியது ஒழுங்குதான் என்கிறார். புள்ளி வைத்து, அழித்து, மறுபடி வைத்து, நோட்டில் காகிதமே ஓட்டை ஆகிவிட்டது. அதனால் தந்தத் தகடுகள் கொண்ட ஒரு குறிப்பேட்டுக்கு மாறினார். அதில் சிவப்பு மையில் நிரந்தரமாகக் கட்டங்கள். புள்ளிகளைப் பென்சிலில் வைத்து ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். அதாவது, பழைய ஆப் சரியில்லைன்னு புது ஆப்புக்கு மாறினார். அப்பவும் ஒழுங்கு வரலை.

ஏன் வரலை என்பதற்கு அவர் சொல்லும் காரணம்தான் எனக்கு முக்கியமா பட்டது. கூலிக்கு அச்சுக் கோர்ப்பவருக்கு இந்த அட்டவணை சரியாக வரலாம், அவர் நேரம் அவர் கையில் இருக்கிறது. தொழில் நடத்துகிறவர் அப்படி இருக்க முடியாது, வாடிக்கையாளர்கள் அவர்களுக்குத் தோதான நேரத்தில்தான் வருவார்கள் என்கிறார். அவருடைய நாளை நிர்ணயித்தது அவர் மட்டும் இல்லை. கதவைத் தட்டுகிற ஒவ்வொருவரும் அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்கள். அன்னைக்குக் கதவு, இன்னைக்கு வாட்ஸ்அப்.

அங்கேயே ஒரு கோடாலிக் கதையும் சொல்கிறார். ஒருத்தர் கொல்லரிடம் கோடாலி வாங்கினாராம். விளிம்பு மட்டும் போதாது, முழுக் கோடாலியும் பளபளக்கணும் என்றாராம். சரி, நீங்க சாணைச் சக்கரத்தைச் சுற்றுங்க, நான் தீட்டித் தர்றேன் என்றார் கொல்லர். சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துபோய், போதும், எனக்குப் புள்ளி போட்ட கோடாலிதான் பிடிச்சிருக்கு என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். கஷ்டத்துக்குப் பயந்து கைவிடுகிறவர்கள் இப்படித்தான் சாக்குச் சொல்கிறார்கள் என்று தன்னையும் சேர்த்துக் கிண்டல் செய்கிறார். ஆனா கோடாலி மரத்தை வெட்டும், இல்லையா? முழுசும் பளபளக்காட்டியும் வெட்டும்.

தலைக்குள்ளே ஓடிக்கிட்டே இருப்பது

இப்போ 1920களின் பெர்லினுக்கு வாங்க. லிதுவேனியாவில் இருந்து வந்து உளவியல் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், புளூமா ஜெய்கார்னிக். அவருடைய பேராசிரியர் கர்ட் லெவின். ஒரு காபிக் கடைக் கதையை இவர்கள் தொடர்பாகச் சொல்வார்கள். பில் கட்டாத மேசையில் யார் என்ன கேட்டார்கள் என்பது சர்வருக்கு அத்துப்படி. பணம் கட்டி முடித்ததும் மறந்துவிடும்.

ஜெய்கார்னிக் இதைச் சோதித்தார். மணி கோர்ப்பது, களிமண்ணில் உருவம் செய்வது, புதிர் போடுவது மாதிரி சின்னச் சின்ன வேலைகளை ஆட்களுக்குக் கொடுத்தார். பாதி வேலைகளை முடிக்கவிட்டார். மீதியை நடுவில் நிறுத்திவிட்டார். பிறகு என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, நடுவில் நின்றுபோன வேலைகளே அதிகம் ஞாபகத்தில் இருந்தன. 1927இல் இதை வெளியிட்டார். பின்னாளில் இதே சோதனையைச் செய்த எல்லாருக்கும் இதே முடிவு வந்துவிடவில்லை என்பதையும் சொல்லிடறேன். ஆனா முடியாத வேலை மனசை அரிக்கும் என்பது நம்ம யாருக்கும் புது விஷயம் இல்லை.

இதன் அடுத்த கட்டம் 2011இல் வந்தது. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்த ஆய்வு. முடிக்காத வேலையை நினைக்கவைத்துவிட்டு ஒரு நாவலின் பகுதியைப் படிக்கச் சொன்னால், கவனம் வேலை பக்கமே ஓடியது. ஆனால் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் தொல்லை குறைந்தது. வேலையை அவர்கள் முடிக்கவில்லை, திட்டம் மட்டும்தான் போட்டார்கள். அதுவே மனசுக்குப் போதுமானதாக இருந்தது.

என் லிஸ்ட்டில் இருந்த 'பல் டாக்டர்' ஏன் ஏழு மாசம் என்னைப் பார்த்து முறைச்சதுன்னு அப்போதான் புரிஞ்சது. அது திட்டம் இல்லை, வெறும் பயத்தோட பேரு. 'வியாழக்கிழமை பத்து மணிக்குப் போன் பண்ணி, சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்கணும்' என்பதுதான் திட்டம். அப்படி மாத்தி எழுதினேன். அந்த வாரமே போய்ட்டு வந்துட்டேன். பல் ஒண்ணு போச்சு, அது வேற கதை.

ஒரு விமானமும் ஒரு காகிதமும்

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் பக்கத்தில் ரைட் ஃபீல்டு. போயிங் கம்பெனியின் மாடல் 299 என்ற புது குண்டுவீச்சு விமானத்தின் சோதனை. நாலு எஞ்சின். மேலே ஏறியதும் மூக்கு செங்குத்தாகத் தூக்கி, நின்று, கீழே விழுந்து தீப்பிடித்தது. ஓட்டிய மேஜர் பிளாயர் ஹில் இறந்துபோனார். கூட இருந்த போயிங்கின் சோதனை விமானி லெஸ்லி டவரும் பின்னர் இறந்தார்.

எஞ்சினில் பழுது இல்லை. தரையில் நிற்கும்போது வால் பகுதி காற்றில் ஆடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. கிளம்பும் முன் அதை விடுவிக்க வேண்டும். அதை மறந்துவிட்டார்கள். அனுபவம் இல்லாதவர்கள் மறக்கவில்லை, ராணுவத்திலேயே தேர்ந்த விமானிகளில் ஒருவர் மறந்தார்.

இதற்குத் தீர்வாக விமானிகள் கண்டுபிடித்தது புதுப் பயிற்சி இல்லை. ஒரு சரிபார்ப்புப் பட்டியல். கிளம்பும் முன், பறக்கும் முன், இறங்கும் முன், இறங்கிய பின் என்று என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அந்த விமானம்தான் பி-17 ஆனது. பின்னால் 12,000க்கும் மேல் தயாரித்தார்கள்.

பிராங்க்ளினின் நோட்டுக்கும் இந்தக் காகிதத்துக்கும் வித்தியாசத்தைப் பாருங்க. அந்த நோட்டு, நீ எவ்வளவு நல்லவன் என்று மார்க் போட்டது. இந்தக் காகிதம் மார்க் போடுவதில்லை. மனுஷ மூளை மறக்கும் என்று ஏற்றுக்கொண்டு, மூளைக்குப் பதிலாகத் தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். என் ஆப்பை நான் இத்தனை நாள் முதல் மாதிரி நடத்திட்டு இருந்தேன். ஒவ்வொரு சிவப்பு எழுத்தும் என் குணத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

வரிசை எவ்வளவு நீளம்?

சரி, லிஸ்ட் எழுதியாச்சு, திட்டமும் போட்டாச்சு. ஆனா 63 வேலை 63 வேலைதானே?

இங்கேதான் ஜப்பானில் டொயோட்டா கம்பெனிக்குப் போகணும். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, டாயிச்சி ஓனோ என்ற பொறியாளர் அங்கே ஒரு முறையைக் கொண்டுவந்தார். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் அலமாரியில் இருந்து எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவுதான் திரும்ப அடுக்குவார்கள். அந்த யோசனைதான். அடுத்த கட்டத்தில் இருந்து கார்டு வந்தால்தான் முந்தைய கட்டம் பாகம் செய்யும். அந்தக் கார்டுக்குப் பேர் கான்பான். கார்டு எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. அதனால் பாதியில் நிற்கிற வேலைக்கும் ஒரு வரம்பு. இன்னைக்கு ஐடி ஆபீஸில் கான்பான் போர்டு இல்லாத டீம் குறைவு. ஆனா அந்த வரம்பை மட்டும் பல பேர் விட்டுட்டாங்க.

வரம்பு ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கு. 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் வரிசைகளைப் பற்றி ஒரு விதியை நிரூபித்தார். எளிமையா சொன்னா, கையில் இருக்கிற வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் முடிக்கிற எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய சராசரியா எத்தனை நாள் ஆகும் என்று வரும். பார்சல் கவுன்டரில் 30 பேர் நிற்கிறாங்க, நிமிஷத்துக்கு 5 பேருக்குப் பார்சல் போகுது. நீங்க ஆறு நிமிஷம் நிக்கணும். வரிசையில் 10 பேர்தான் என்றால் ரெண்டு நிமிஷம். பார்சல் கட்டுகிறவர் ஒரு துளியும் வேகமாகக் கட்டலை.

ஆக, நான் வேகமா ஓடறதைவிட, ஒரே நேரத்தில் கையில் எடுத்துக்கிறதைக் குறைக்கிறதுதான் வழி. 63இல் 41ஐ நான் அழிச்சேன். யாரும் கேட்கலை. சில வேலைகளுக்கு 'என்னால் இப்போ முடியாது' என்று மெசேஜ் போட்டேன். உலகம் இடியலை.

பிராங்க்ளினும் கடைசியில் செய்தது இதைத்தான். 1748இல், 42 வயதில், அச்சகத்தை நடத்துகிற பொறுப்பை டேவிட் ஹால் என்ற கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு விலகினார். லாபத்தில் பங்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. மின்சார ஆராய்ச்சியில் முழுசா இறங்கினது அதற்குப் பிறகுதான். அட்டவணை கொடுக்காத நேரத்தை, வேலையைக் குறைத்தது கொடுத்தது.

மீதி வேலையை யார் செஞ்சாங்க?

இந்த எபிசோடை இங்கேயே முடிச்சிருக்கலாம். ஸ்கிரிப்ட்டை இங்கே வரைக்கும்தான் எழுதி வச்சிருந்தேன். அப்புறம் பிராங்க்ளினின் அட்டவணையை மறுபடி பார்த்தேன். பகல் பன்னிரண்டுக்குச் சாப்பாடு. மாலையில் சாப்பாடு. சமைப்பது எங்கே? அந்தத் தாளில் இல்லவே இல்லை.

அவர் மனைவி டெபரா வீட்டைப் பார்த்துக்கொண்டார். அச்சகத்தில் துண்டுப் பிரசுரங்களை மடித்துத் தைத்தார், கடையைக் கவனித்தார் என்று பிராங்க்ளினே நன்றியோடு எழுதியிருக்கிறார். 1757இல் அவர் லண்டன் போனபோது, பிலடெல்பியாவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதும் டெபராதான். அந்த வீட்டில் அடிமைகளாக வைக்கப்பட்ட மனிதர்களும் வேலை செய்தார்கள். கடைசிக் காலத்தில் அவர் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவராகி, 1790இல் நாடாளுமன்றத்துக்கு மனுவும் அனுப்பினார் என்பது உண்மை. ஆனால் பல வருஷங்கள் அந்த வீட்டின் ஒழுங்கு மற்றவர்களுடைய உழைப்பில்தான் நின்றது. அவர்களுடைய நாளுக்கு யாரும் அட்டவணை போட்டு வைக்கவில்லை.

நம்ம ஊரில் இதை அளந்து பார்த்திருக்காங்க. மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 1998-99இல் மத்திய அரசு ஆறு மாநிலங்களில் முதல் முறையாக ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதில் தமிழ்நாடும் ஒன்று. 2019இல் நாடு முழுக்க நடந்தது. அந்த வருஷக் கணக்குப்படி, வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் 97 நிமிஷம். அதிலும், அன்றைக்கு வீட்டு வேலை எதையாவது செய்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் நூற்றுக்கு 81 பேர்.

இதைப் படிச்சிட்டு அடுக்களைக்குப் போனேன். அம்மா இட்லி மாவுக்கு உளுந்து கழுவிட்டு இருந்தாங்க. "அம்மா, உனக்கு ஒரு நாளைக்கு எத்தனை வேலை இருக்கும்னு சொல்லேன், எழுதறேன்" என்றேன். சிரிச்சுட்டே சொன்னாங்க. மெட்ரோ வாட்டர் வர்ற நேரம். கேஸ் புக் பண்ற நாள். அப்பாவோட பிரஷர் மாத்திரை எத்தனை மிச்சம். தயிருக்கு உறை ஊத்தறது. நவம்பர் ஆனா தாத்தாவுக்குப் பென்ஷன் லைஃப் சர்ட்டிபிகேட். அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு என்ன செய்யணும். நான் எழுதிட்டே இருந்தேன். 47இல் நிறுத்தினேன், அவங்க நிறுத்தலை.

எல்லாத்தையும் அவங்க தலையிலேயே வச்சிருந்தாங்க. ஜெய்கார்னிக் சொன்ன முடியாத வேலைகள், 47, தினமும்.

"ஒரு ஆப்ல போட்டுத் தரட்டுமாம்மா?" என்று கேட்டேன். நல்ல மனசோடதான் கேட்டேன்.

அம்மா உளுந்தைக் கிரைண்டரில் போட்டுக்கிட்டே சொன்னாங்க: "எழுதி வச்சா மட்டும் யாருடா செய்யப் போறா?"

எனக்குப் பதில் இல்லை. என் லிஸ்ட்டில் இருந்து 41ஐ அழிக்க முடிஞ்சதே, அது ஏன் முடிஞ்சதுன்னா, அந்த 63இல் 'மத்தியானச் சாப்பாடு' இல்லை. 'துணி துவைக்கிறது' இல்லை. என்னோட 'முடியாது' என்கிற சுதந்திரத்துக்கு அடியில் அம்மாவோட 47 இருந்தது. அம்மா யாருக்கு மெசேஜ் போட்டு 'என்னால் இப்போ முடியாது'ன்னு சொல்வாங்க?

அதனால இப்போ எங்க வீட்டில் என்ன மாறியிருக்குன்னா, அந்த 47இல் ஒன்பது என் லிஸ்ட்டுக்கு வந்துடுச்சு. 'உதவி' என்று இல்லை, முழுசா. கேஸ் எப்போ தீரும்னு ஞாபகம் வைக்கிறதும் என் வேலை, புக் பண்றதும் என் வேலை. மாத்திரை, தண்ணி மோட்டார், லைஃப் சர்ட்டிபிகேட், ராத்திரி பாத்திரம் எல்லாம் அதில் சேர்த்தி. அப்பா ஆறு எடுத்துக்கிட்டார், ரெண்டு நாள் முணுமுணுத்துட்டு. முதல் மாசமே நான் கேஸை மறந்தேன். ஒரு நாள் முழுக்க ஓட்டல் சாப்பாடு. அம்மா ஒண்ணும் சொல்லலை, மறுநாள் காலண்டரில் நான் குறிச்சு வச்சதையும் அவங்க பார்க்கலை. அதுதான் எனக்குப் பெரிய விஷயமா பட்டது. ஞாபகம் வைக்கிற பொறுப்பை உண்மையிலேயே விட்டுட்டாங்க.

உங்க லிஸ்ட் உங்களை அழுத்துதுன்னா, இந்த வாரம் மூணு விஷயம் செஞ்சு பாருங்க. ஒண்ணு, பயமுறுத்துற வேலைக்கு நாளும் நேரமும் போட்டு எழுதுங்க. ரெண்டு, ஒரே நேரத்தில் கையில் எத்தனை இருக்கலாம்னு ஒரு எண் வச்சு, அதுக்கு மேல எடுக்காதீங்க. மூணு, உங்க வீட்டில் லிஸ்ட்டே இல்லாம எல்லாத்தையும் செய்யற ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து அவங்க லிஸ்ட்டை எழுதுங்க. எழுதி முடிச்சதும் அதில் எது உங்களுடையதுன்னு பாருங்க.

நேத்து சாயங்காலம் அம்மா மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாங்க. என்னம்மா பண்றேன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லை"ன்னாங்க. பிராங்க்ளின் அட்டவணையில் ஆறு மணிக்கு மேல அதுக்குன்னு ஒரு நேரம் இருந்ததே, ஞாபகம் இருக்கா? அம்மாவுக்கு அது அறுபது வயசில் கிடைச்சிருக்கு.